சுவர் விடாத இரண்டு எழுத்து

சாத்தூர்,
கார்த்திகை மூன்றாம் நாள்.

அன்புள்ள வடிவு,

உன் ஆய்வகம் அனுப்பிய படிவம் கிடைத்தது. மொத்தம் பதினாறு கேள்வி. பதினைந்துக்குப் பதில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பதினாறாவது இப்படி இருக்கிறது: "இக்கருவி வந்தபின் உங்கள் வேலை எவ்வளவு விரைவாகியுள்ளது?" பதில் எழுத ஒரு கட்டம் விட்டிருக்கிறார்கள். தீப்பெட்டி அகலம் இருக்கும். என் பதில் அதற்குள் அடங்காது என்பதால் இந்தத் தனிக் கடிதம். எனக்கு எதையும் முதலில் இருந்து வரிசையாகச் சொல்லத்தான் வரும். பொறுமையாகப் படி. கடைசிப் பத்திக்குத் தாவாதே. கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்து விடையை முதலில் பார்க்கிற பழக்கம் பள்ளிக்கூடத்திலேயே உனக்கு உண்டு.

தீ விபத்து நடந்த இடத்துக்குப் போய், என்ன எரிந்தது, எப்படி எரிந்தது என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிற சர்வேயர் வேலை இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். கருவி வருவதற்கு முன் ஒரு கோப்பை முடிக்க இருபது நாள் ஆகும். சாம்பலைச் சலிக்க வேண்டும். மின்வாரியத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் சான்று வாங்க வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளில் ஏறி இறங்கி, வீட்டுக்கு ஒரு டீ வீதம் குடித்து, உளறலுக்கு நடுவில் உண்மை வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். கருவி வந்தபின் எல்லாம் ஒரே நாள். ஆக, கோப்புக்குப் பத்தொன்பது நாள் மிச்சம். இந்த எண்ணை நினைவில் வை. கடைசியில் வேண்டியிருக்கும்.

பயிற்சிக்காக உன் ஆய்வகத்துக்கு வந்த அன்று நான் உன்னைக் கேட்டேன்.

"சுவருக்கும் காது உண்டும்பாங்க. நீ அதுக்கு வாயும் வச்சுட்டியாமே?"

நீ சிரித்துவிட்டுச் சொன்னாய்: "வாய் நான் வைக்கலடா. அது எப்பவும் எழுதிக்கிட்டேதான் இருக்கு. பூச்சுக்குள்ள எப்பவும் கொஞ்சம் ஈரம் நிக்கும். அறையில எழுகிற சத்தமெல்லாம் அந்த ஈரத்தில நடுக்கமாப் பதியும். பத்துப் பன்னெண்டு நிமிஷத்தில பழசு அழிஞ்சு புதுசு ஏறும்."

"தீப்பிடிச்சா?"

"ஈர மண்ணுல கைய வச்சுச் சூளையில சுட்டா என்ன ஆகும்? தடம் நின்னுரும்ல. அதேதான். சூடு ஏறினதும் கடைசியா எழுதினது அப்படியே வெந்து நின்னுரும். நம்ம கருவி அதத் தடவிப் படிக்குது."

பிறகு இரண்டு பொத்தானைக் காட்டினாய். ஒன்று முழுமை, மற்றது சுருக்கம். "முழுமையில வச்சா நாலு சுவரையும் சாண் சாணாத் தடவணும், ஒரு பகலே போயிரும். சுருக்கத்தில வை. தீப்பிடிச்ச நேரத்தை ஒட்டின பேச்ச மட்டும் எடுத்து, தெளிவில்லாத எழுத்த ஒதுக்கி, சொற்பட்டியலோட ஒப்பிட்டு ஒரு வரி கொடுக்கும். உனக்கு அது போதும்."

போதும் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் கோப்பு மிளகாய் வத்தல் சேர்த்துவைக்கிற ஒரு கிட்டங்கி. கருகிய சுவரில் கருவியை ஒட்டவைத்து, காதுக்குழலை மாட்டிக்கொண்டேன். தகரக் கூரையில் மழை பெய்தது. நான் நின்றிருந்த இடத்தில் கூரையும் இல்லை, மழையும் இல்லை. எப்போதோ பெய்து முடிந்த மழை, நெருப்பு தின்றுவிட்ட கூரையின் மேல், என் காதுக்குள் பெய்துகொண்டிருந்தது. ஒரு பல்லி கத்தியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அதன்பின் பழகிவிட்டது. பழகினால் செருப்பு கழற்ற நேரம் இருக்காது.

ஆறாவது கோப்பு உன் அண்ணன் கோமதிநாயகத்தின் ஜவுளிக் கடை. அதைப்பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருவி அவர் குரலையே எடுத்துக் கொடுத்தது, அதை வைத்து நான் தொகையை மறுத்து எழுதினேன். "நான் அப்படிச் சொல்லலைப்பா" என்றார் அண்ணன். நீ தொலைபேசியில், "சுவர் பொய் சொல்லாது அண்ணா" என்றாய். சொந்த அண்ணன் என்றும் பாராத உன் நேர்மையை ஊரே பேசியது. அண்ணன் மட்டும் உன்னோடு பேசுவதை விட்டார். அது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

இனி, நூற்று நாற்பத்து மூன்றாவது கோப்பு.

சிவகாசிப் பக்கம் ஒரு காலண்டர் பட்டறை. தினசரித் தாள்களை அடுக்கித் தகரப்பட்டி அடிக்கிற இடம். நடத்துகிறவர் சீனியம்மாள், ஐம்பது வயது. கூடவே நின்று நடத்தியவர் அவருடைய நாத்தனார் மாரிக்கனி. புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்து வேலையாட்கள் வெளியே வந்தபின் பட்டறை பற்றிக்கொண்டது. மாரிக்கனி உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை காலை போனேன். அடுத்த வருடம் முழுவதும் தரையில் கரிக்கட்டியாகக் கிடந்தது. காலில் மிதிபட்ட ஒரு தாள்கட்டை எடுத்துப் பிரித்தேன். ஓரம் கருகி, நடுவில் "நல்ல நேரம்" என்பது மட்டும் வாசிக்கும்படி இருந்தது. கருவியைக் கிழக்குச் சுவரில் ஒட்டவைத்துச் சுருக்கத்தில் விட்டேன். பதினோரு நிமிடத்தில் திரையில் வரி வந்தது:

"விளக்க ஏத்திட்டு வா தாயி."

பேசியவர்: சீனியம்மாள். நேரம்: தீக்குச் சற்று முன். கருவியின் முடிவு: வேண்டுமென்றே வைத்த தீயாக இருக்க வாய்ப்பு மிகுதி.

வேலை முடிந்து பூட்டப் போகிற பட்டறை. சுற்றிலும் காகிதம். அந்த நேரத்தில் ஒருத்தி இன்னொருத்தியை உள்ளே அனுப்பி விளக்கை ஏற்றச் சொல்கிறாள். பன்னிரண்டே காலுக்கு அறிக்கை போய்விட்டது. மண்டல மேலாளர் பெஞ்சமின் கூப்பிட்டு, "கூடலிங்கம் சார், சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிச்சிட்டீங்களே!" என்றார். அன்று சாப்பாடு ருசியாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

காவல்துறை சீனியம்மாளை அழைத்து, குரலைப் போட்டுக் காட்டி, "இது நீ சொன்னதா?" என்று கேட்டது. "ஆமா, நாந்தான் சொன்னேன். நான் சொல்லித்தான் அவ உள்ள போனா" என்றார் சீனியம்மாள். அதற்குமேல் யாருக்கு என்ன வேண்டும்? வழக்குப் பதிவானது. பதினைந்து நாள் கழித்து ஜாமீனில் வந்தார். காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டது என்ற கடிதத்தில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் முறுக்குப் பிழிகிற கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, "எங்க போடணும்?" என்றார்.

"வாசிச்சுப் பாத்துட்டுப் போடுங்கம்மா."

"என்னத்த வாசிக்க. நான் சொன்னதத்தான எழுதியிருக்கீக."

"பணமும் வராது, கேஸும் நடக்கும். ஒரே கேள்வியில ஏம்மா ஒத்துக்கிட்டீங்க?"

"சொன்னதச் சொல்லலன்னு சொல்லச் சொல்றீகளா?" கையெழுத்தைப் போட்டார். இரண்டு நகலிலும் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே பேசினார்: "எல்லாரும் வெளிய வந்தாச்சு. பூட்டு கையில இருக்கு. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா அவளும் எங்கூட நடந்து வந்திருப்பா. அந்தப் பொட்டு எண்ணெய்க்கு எம்புட்டு நேரம் நிக்கப் போகுது? விளக்கு தானா மலையேறிட்டுப் போகுது."

நான் பேனா மூடியைத் திருகினேன். கடிதத்தை மடித்தேன். பைக்குள் வைத்தேன். அதுவரை எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, வடிவு. இதுதான் எனக்கு வெட்கம். நம் பக்கத்தில் எரிகிற விளக்கை "அணை" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது ஆகாத சொல். சாமி மலையேறுவதுபோல விளக்கும் மலையேறும். மலையேத்து என்றால் அணைத்துவிடு. என் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி சொல்வது, நான் பதில் சொல்வது. எழுந்து இரண்டு எட்டு நடந்தபின்தான் கால் நின்றது.

"அம்மா, அன்னிக்கு நீங்க சொன்ன வார்த்தை. அத அப்படியே ஒருதடவ சொல்லுங்க."

"விளக்க மலையேத்திட்டு வா தாயின்னேன்."

"ஏத்திட்டு வான்னு இல்லையா?"

சீனியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூட்டுற பட்டறையில விளக்க ஏத்தச் சொல்ல நான் என்ன கிறுக்கியா?"

"இத ஸ்டேஷன்ல சொல்லலையா?"

"அவுக என்ன சொன்னேன்னா கேட்டாக? சொன்னியான்னு கேட்டாக. சொன்னேன்னேன்."

நான் ஏற்கெனவே வாங்கிய கையெழுத்தைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்தேன். கம்பெனித் தாளைக் கிழித்தது என் வேலைக் காலத்தில் அதுவே முதல் தடவை.

பெஞ்சமினிடம் தொலைபேசியில் சொன்னேன். "முடிச்ச கோப்ப ஏன் சார் தோண்டுறீங்க? இந்த மாசம் நம்ம மண்டலந்தான் முதலிடம்" என்றார். "அந்த முதலிடத்தில ரெண்டு எழுத்து குறையுது சார். ம, லை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர் கிட்டார் வாசிக்கிற வீட்டில் பிறந்தவர். விளக்கை சுவிட்சில்தான் அணைத்திருக்கிறார்.

மறுநாள் விடிந்ததும் பட்டறைக்குப் போய், கருவியை முழுமையில் வைத்தேன். மூன்று வருடத்தில் அந்தப் பொத்தானை நான் தொட்டதே இல்லை. சாண் சாணாக நகர்த்தினேன். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி இரண்டு. எட்டு மணிநேரம் உட்கார்ந்து கேட்டது பதினோரு நிமிடத்தை.

என்ன கேட்டேன் என்று உனக்கு நான் எப்படிச் சொல்வேன்? தகரப்பட்டி அடிக்கிற இயந்திரம் தாளம் தப்பாமல் டக், டக் என்றது. நான்கைந்து பெண்கள் தாள் எண்ணினார்கள். ஒருத்தி எண்ணிக்கையை விட்டுவிட்டு, "போச்சு, ஆகஸ்ட் பதினஞ்ச ரெண்டு தடவ வச்சிட்டேன்" என்றாள். "விடு, ரெண்டு நாள் லீவு விடட்டும்" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு. யாரோ வளையலைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். அந்த ஓசை ஒரு சொட்டு நீர் விழுந்ததுபோல் இருந்தது. செத்துப்போன ஒரு மாலைப்பொழுது மூச்சு விட்டு நடமாடியது. நான் தொட்டுவிடுகிற தூரத்தில் எல்லோரும் இருந்தார்கள். கரிச்சுவர் மட்டும்தான் குறுக்கே.

பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பெண்கள் வெளியே போகிறார்கள், அது அடங்குமுன் வாசலில் இருந்து சீனியம்மாளின் குரல். "விளக்க" என்று தொடங்குகிறார். அந்த நொடியில் இயந்திரம் கடைசித் தடவையாக டக் என்று அடித்து ஓய்கிறது. அந்த அடிக்குக் கீழே, தலையணைக்கு அடியில் வைத்த கடிதம்போல, "மலை" இருந்தது. கொஞ்சமும் கசங்காமல் இருந்தது. சுருக்கம் அதைத் தெளிவில்லாத எழுத்து என்று ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைச் சொற்பட்டியலோடு ஒப்பிட்டிருக்கிறது. பட்டியலில் "ஏத்திட்டு" இருந்தது. "மலையேத்திட்டு" இல்லை.

மாரிக்கனி மெட்டி ஓசையோடு திரும்பி நடக்கிறார். ஒரு பூவைக் கிள்ளுகிறார். பூவால் திரியை அழுத்துகிற சத்தம் வரைக்கும் சுவர் வைத்திருந்தது, வடிவு. ஸ் என்று ஓர் எறும்பின் சீறல். பிறகு அவர் குரல், எனக்குப் பக்கத்தில் நின்று சொன்னதுபோல: "மலையேத்திட்டேன் மதினி!"

ஆக, விளக்கு அணைந்துவிட்டது. தீ அதில் இருந்து வரவில்லை. வடக்குச் சுவரின் மூலையில், மின்கம்பி உள்ளே நுழைகிற இடத்தில், அதற்கும் நாலு நிமிடம் முன்னாலேயே ஒரு ரீங்காரம் தொடங்கி ஏறிக்கொண்டே போவதைத் தனியாகக் குறித்து வைத்தேன். ஒரு வெடிப்பு. மாரிக்கனி, "மதினி, ஜனவரி புடிச்சிருச்சு!" என்கிறார். குரலில் பாதி பதற்றம், பாதி சிரிப்பு. தாள்கட்டுகளை இழுக்கிறார். "பிப்ரவரிய நான் எடுக்கேன்..." அவர் ஓடிவந்திருக்கலாம். மாதம் மாதமாக இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தார். அதன்பின் சூடு சுவரை மூடிவிட்டது.

உனக்கே தெரியாத ஒன்றும் இருக்கிறது. இந்தப் பதினோரு நிமிடத்துக்கும் அடியில், மிக மெலிதாக, இன்னொரு ஓசை கேட்டது. முதலில் கருவியின் பழுது என்று நினைத்தேன். கரண்டியால் சுவரைத் தட்டுகிற ஓசை. ஒரு கொத்தனாரின் குரல்: "தண்ணி கொண்டா, காயுது." பூச்சு பூசிய அன்று அது ஈரம் காய்ந்து இறுகியபோது பதிந்தது. விசாரித்துவிட்டேன், கட்டடம் கட்டி நாற்பத்தொரு வருடம். ஒரு சுவர் தான் பிறந்த நாளையும் தன் கடைசி நாளையும் நினைவு வைத்திருக்கிறது. நடுவில் நடந்ததையெல்லாம் விட்டுவிடுகிறது. நான் அன்றைக்கு மறுபடியும் செருப்பைக் கழற்றினேன்.

கம்பெனி விதி ஒன்பதின்படி கோரிக்கையாளருக்குப் பதிவைக் கேட்கக் கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். மீறினேன் என்று கோப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பட்டறையில் கரிச்சுவர் பக்கம் உட்கார்ந்து, சீனியம்மாள் காதுக்குழலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கேட்டார். "மலையேத்திட்டேன் மதினி" வந்ததும் தலையாட்டினார், பதில் சொல்கிறவர்போல. முழுவதும் கேட்டு முடித்தபின் காதுக்குழலைக் கழற்றி மடியில் வைத்தார்.

"சொன்ன வேலைய முடிச்சிருக்கா" என்றார். பிறகு, "வெளிய வாடின்னு கத்துனேனே, அது அவளுக்குக் கேட்டுச்சா?"

"அது சுவத்துல இல்லம்மா. அதுக்குள்ள சூடு மூடிருச்சு."

"ஒங்க மெஷினுக்கும் தெரியாதா?"

"தெரியாது."

அவர் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். "பணம் வந்தா இத இடிச்சிட்டுத்தான் கட்டுவாகளா?"

"ஆமா. அப்படித்தான் எழுதுவோம்."

"மத்த மூணையும் இடிக்கச் சொல்லுங்க. இது நிக்கட்டும்."

திருத்திய அறிக்கை போய்விட்டது. வழக்கை எடுத்துவிட்டார்கள். ஒரு சுவருக்கான தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கம்பெனி ஒத்துக்கொண்டது.

ஏழாம் வகுப்பில் ஒரு கட்டுரையில், "கோயில் விளக்கு மலையேறியது" என்று நீ எழுதியிருந்தாய். தமிழய்யா அதைச் சிவப்பு மையால் அடித்து, "அணைந்தது என்று எழுது, பட்டிக்காடு" என்றார். வகுப்பே சிரித்தது. அதன்பின் நீ எழுதிய தமிழுக்கெல்லாம் பரிசுதான். அந்தச் சொல்லை மட்டும் நீ எழுதவில்லை, கருவிக்குக் கொடுத்த பட்டியலிலும் எழுதவில்லை. உன்னைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். வீட்டில் வாராவாரம் பேசுகிற சொல்லைத் திரை வேறாகக் காட்டியதும், திரையைத்தான் நம்பினேன்.

இப்போது பதினாறாவது கேள்விக்கு வருகிறேன். முடித்த கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். நூற்று நாற்பத்து மூன்றில், சீனியம்மாளுடையது போக, இன்னும் ஒன்பதில் திரை "ஏத்து" என்று கொடுத்து, அதை வைத்து நான் மறுத்து எழுதியிருக்கிறேன். சிலர் நிஜமாகவே ஏற்றச் சொல்லியிருக்கலாம். தெரியாது. கோப்புக்குப் பத்தொன்பது நாள் மிச்சப்படுத்தினேன். ஒன்பது கோப்புக்கு நூற்று எழுபத்தொரு நாள். அத்தனையையும் திருப்பிக் கொடுக்கக் கிளம்புகிறேன். கட்டத்துக்குள் இதை எழுதிக்கொள்.

ஒன்பதில் முதல் பெயர் கோமதிநாயகம். வெள்ளிக்கிழமை, கடை பூட்டுகிற நேரம், கல்லாவுக்குப் பின்னால் சாமி படம். கடையை அண்ணன் திரும்பத் திறக்கவில்லை. சுவர் கருகியபடியே நிற்கிறது. நேற்றுப் போயிருந்தேன். கருவி கையில் இருந்தும் ஒட்டவைக்கவில்லை. முழுமைப் பொத்தானை நீ வந்து அழுத்து. சாவியை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், வாங்க நீதான் அவர் வீட்டுக்குப் போகவேண்டும்.

இப்படிக்கு,
கூடலிங்கம்